உன் அப்பாவின் இடது கை

பாஸ்கரா,

ஒரே கூரையின் கீழ் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதுகிற தாய் இந்தப் பெங்களூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ மாடியில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறாய். நான் கீழே சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, அதே மேஜையில் உனக்கு எழுதுகிறேன். நேரில் சொல்லலாம் என்று மாடிப்படி வரை வந்து திரும்பினேன். நான் பேச ஆரம்பித்தால் நீ "ஆகட்டும்மா, ஆகட்டும்மா" என்று தலையை ஆட்டுவாய். நீ அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அந்த ஆகட்டும்மாவைக் கேட்டுவருகிறேன். பாதிக்கு மேல் காதில் வாங்கவில்லை என்று அதற்கு அர்த்தம். கடிதமென்றால் உனக்கு அந்த வசதி இல்லை, படித்துத்தான் ஆக வேண்டும். அதோடு, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினால் பாதியில் என் கோபம் கரைந்து "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுமா" என்று கேட்டுவிடுவேன்.

கோபம் என்று எழுதிவிட்டேன். பெரிய கோபமில்லை, பயப்படாதே. நேற்று மதியம் சாப்பிடும்போது நீ சொன்ன இரண்டு வார்த்தைகள்தான் காரணம். நம் வீட்டுக்கு மருமகளாக வருகிறவளுக்கு ரொட்டிக் கம்பெனியில் கொஞ்சம் பங்கு எழுதிவைப்பது உன் தாத்தா ஏற்படுத்திய வழக்கம். எனக்கும் அப்படித்தான் வந்தது. சரளாவுக்கு என் பங்கிலிருந்து எழுதித் தருகிறேன் என்று நான் சொன்னேன். நீ ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "நல்லதும்மா. கல்யாணம் முடிஞ்சதும் ஜெனரல் மீட்டிங் வருது. எனக்கு இன்னொரு கை கெடச்ச மாதிரி" என்றாய். அத்திபெலேயில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் ஒரே பெண், பி.ஏ. படித்தவள், உனக்கு ஒரு கையாக வருகிறாளாம்! உன் அப்பா என்னைப் பார்த்தார். பிறகு உன்னிடம், "வசந்தா ஜெயிச்சுட்டா என்னடா பண்ணுவே?" என்று கேட்டார். நீ சற்றும் யோசிக்காமல், "கோர்ட்டுக்குப் போறேன். நல்ல வக்கீலாப் புடிச்சா ஆச்சு" என்றாய். அப்போது உன் அப்பாவுக்குப் புரை ஏறியதே, மிளகாயால் என்று நினைத்தாயா? சிரிப்பை அடக்கிக்கொண்டதால் ஏறிய புரை அது. கை கழுவப் போகும்போது என்னிடம் மெதுவாக, "நீயே அவனுக்குச் சொல்லிடு" என்றார். அதனால்தான் இந்தக் காகிதம்.

வசந்தா உனக்கு அக்கா. பெரியப்பா மகள் என்று பிரித்துச் சொல்வது இந்த வீட்டில் வழக்கமில்லை. அவர்கள் மாடி வீட்டிலும் நாம் கீழ் வீட்டிலும் இருந்த காலத்தில் நீ தூங்குவது எங்கே, சாப்பிடுவது எங்கே என்று எனக்கே தெரியாது. இப்போது உன் அப்பா வயதாகிவிட்டது என்று டைரக்டர் பதவியிலிருந்து விலகப் போகிறார், அந்த இடத்துக்கு நீயும் அவளும் நிற்கிறீர்கள். நிற்பதில் தப்பில்லை. நிற்பதற்கு முன்பு, இதே நாற்காலிக்காக உன் அப்பாவும் பெரியப்பாவும் கோர்ட்டுக்குப் போன கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது நீ மதராஸில் காலேஜ் விடுதியில் இருந்தாய். அணா போய் நயா பைசா வந்து, கடைக்குக் கடை சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். உனக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் "இங்கே எல்லோரும் சௌக்கியம்" என்றே எழுதச் சொன்னார் உன் அப்பா. படிக்கிற பையன் மனசு கலங்கக் கூடாதாம். நீ லீவில் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது, யாரும் பேச்செடுக்கவில்லை.

கம்பெனியின் விறகடுப்பை உனக்குத் தெரியும். ஜோகுபாளையத்தில் நம் வீட்டுக் கொல்லைப்புறம் தாண்டினால் அடுப்புச் சாலை. உன் தாத்தா பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்து முன்னுக்கு வந்தவர். சொந்தக்காரர்களையும் சிநேகிதர்களையும் பங்கு சேர்த்து அதை லிமிடெட் கம்பெனி ஆக்கினார். வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பலேறிய பிறகு ரொட்டி வாங்க ஆளில்லை. நம் ஜனங்களுக்கு ரொட்டி என்றால் காய்ச்சல் வந்தவன் பாலில் தோய்த்துத் தின்கிற பண்டம். ஊருக்கெல்லாம் எப்போதும் காய்ச்சல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வியாபாரம் பண்ண முடியுமா? பன், பிஸ்கட் என்று போக வேண்டும், அதற்கு மின்சார அடுப்பு வேண்டும் என்றார் உன் அப்பா. விறகடுப்பை நம்பி இத்தனை குடும்பம் இருக்கும்போது மெஷினைக் கொண்டுவந்து அவர்களைத் தெருவில் விடுவதா என்றார் பெரியப்பா. பெரியப்பாதான் அப்போது டைரக்டர், நிர்வாகமெல்லாம் அவர் கையில். அவருடைய முறை முடிந்து மறுபடியும் தேர்ந்தெடுக்க வேண்டிய வருடத்தில் உன் அப்பா எதிர்த்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் கெட்டவர் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பிடிவாதக்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், அது இரண்டு பேருக்கும் பொருந்தும்.

இப்போது நம் கூட்டங்களின் வழக்கத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. கூட்டம் நம் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். கல்யாணத்துக்குப் பங்கு எழுதும் வழக்கத்தால் ஒவ்வொரு வீட்டிலும் புருஷனும் பெண்டாட்டியும் பங்குதாரர்கள். ஆண்கள் கூடத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்வார்கள். பங்குதாரர்களாகிய நாங்கள் சமையல்கட்டில் போண்டா போட்டுக்கொண்டிருப்போம். சேர்மனாக இருந்த டாக்டர் தீர்மானத்தைப் படித்துவிட்டு, "ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம்" என்பார். உடனே கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தூக்குவார்கள். வலது கை தனக்கு, இடது கை உள்ளே போண்டா போடுகிறவளுக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, போலீஸ் ஏதோ திருட்டுக் கும்பலை வளைத்துவிட்டது என்று தோன்றும். டாக்டர் தலையை எண்ணாமல் கையை எண்ணி மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பங்குக் கணக்குப்படி ஓட்டெடுப்பு என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறதாம், அதை யாரும் கேட்டதில்லை. உன்னிடம் எவ்வளவு, என்னிடம் எவ்வளவு என்று உறவுக்குள் எடை போடுவது மரியாதையில்லை என்று நினைத்தார்கள். இடது கையால் வெற்றிலை கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிற மனிதர்கள்தான், பெண்டாட்டியின் ஓட்டை மட்டும் வருஷா வருஷம் இடது கையால் போட்டார்கள்.

அந்த வருடக் கூட்டத்தில் உன் அப்பா ஜெயித்தார். நான் அப்போது காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் கைதட்டல் கேட்டது. பக்கத்தில் இருந்த உன் பெரியம்மாவிடம், "யாரு ஜெயிச்சது, அக்கா?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? சக்கரை போட்டுட்டியா, அதப் பாரு" என்றார். என் கை உன் அப்பாவுக்கும் பெரியம்மாவின் கை பெரியப்பாவுக்கும் கூடத்தில் உயர்ந்து இறங்கிவிட்டன, எங்களுக்குச் சர்க்கரைதான் கவலை. இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

பெரியப்பாவின் வக்கீல் தோன்ற வைத்தார். கூட்டத்தில் பெரியப்பா பக்கம் நின்றவர்களில் நிறையப் பேர் மனைவியை இழந்த பெரியவர்கள், இன்னும் சிலர் கல்யாணமாகாத பையன்கள். அவர்களுக்குத் தூக்க வலது கை மட்டும்தான். உன் அப்பாவின் பக்கம் எல்லோரும் குடும்பஸ்தர்கள், ஆளுக்கு இரண்டு கை. இடது கைகளைத் தள்ளிவிட்டு எண்ணினால் பெரியப்பாதான் டைரக்டர். அதனால் அந்தத் தேர்தல் செல்லாது என்று கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். பெரியப்பாவும் அன்றைக்கு இடது கையைத் தூக்கியவர்தான், அது வேறு விஷயம். கேஸ் முடியும்வரை இரண்டு பேருமே அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று கோர்ட் தடை போட்டது. அதற்குப் பிறகு கம்பெனி பட்ட பாட்டை என்ன சொல்ல? மைதா வாங்கக் கையெழுத்துப் போடக்கூட டாக்டர் தன் நோயாளிகளை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியிருந்தது. அடுப்புச் சாலை ஆட்கள் என்னிடம் வந்து, "ஏம்மா, இப்ப நமக்கு யாரு யஜமானரு?" என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்வேன்? இரண்டு யஜமானரும் வீட்டில் ஆளுக்கொரு பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நாற்காலிக்குத்தான் தடை, கம்பெனி வண்டிக்கு இல்லை. இருந்தது ஒரே ஒரு ரொட்டி வேன். கோர்ட்டு நாட்களில் வாதியும் பிரதிவாதியும் அதிலேயே போனார்கள். ஒரு நாள் பெரியப்பா முன்னால், அப்பா பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில். மறுநாள் மாற்றி. டிரைவர் பாய் வண்டியைக் கிளப்பும் முன், "இன்னிக்கு யாரு முன்னாடி, சாப்?" என்று கேட்டுக்கொண்டுதான் சாவியைத் திருப்புவார். பெரியம்மா இரண்டு பேருக்கும் ஒரே கேரியரில் சாப்பாடு கட்டிக் கொடுப்பார். கோர்ட்டு வாசல் மரத்தடியில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அந்தக் கேரியரைப் பங்கு போட்டுச் சாப்பிடுவதை வக்கீல் குமாஸ்தாக்கள் வேடிக்கை பார்ப்பார்களாம். கத்தரிக்காய் யாருக்கு அதிகம் என்று மட்டும் கேஸ் போடவில்லை.

கடைசியில் எல்லாம் எங்கள் தலையில் வந்து நின்றது. பெண்கள் வீட்டுக்குள்ளேதான் இருந்தார்கள், அவர்கள் சொல்லித்தான் புருஷன்மார் கையைத் தூக்கினார்கள் என்று நிரூபித்தால் தேர்தல் நிற்கும் என்றார் உன் அப்பாவின் வக்கீல். முதல் சாட்சி நான். அந்த வக்கீல் வீட்டுக்கு வந்து, இதே மேஜையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே எனக்குப் பாடம் சொன்னார். "ஒண்ணும் கஷ்டமில்லம்மா. நான் சொல்லித்தான் அவர் தூக்கினார், அப்படின்னு ஒரு வார்த்தை. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி." உன் அப்பா பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஃபார்மாலிட்டி என்ற வார்த்தைதான் உறுத்தியது. உன் அப்பா ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ராத்திரியும் பகலும் அந்த அடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர். ஆனால் சுவரோடும் டாக்டரோடும் பேசியவர், ஒரு நாளாவது என்னைப் பார்த்து உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கவில்லை. கேட்காததைக் கேட்டதாகச் சொல்ல வேண்டுமாம், அதுவும் சத்தியம் பண்ணிவிட்டு.

கோர்ட்டுக்குப் போகும்போது வேனில் எனக்கு முன் ஸீட் கிடைத்தது. அண்ணனும் தம்பியும் பின்னால் பன் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார்கள். கூண்டில் ஏறியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். ஜட்ஜ் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்து, "ஹேளி அம்மா, பயப்பட பேடா" என்றார். சொல்லுங்கம்மா, பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னதும் பயம் போய்விட்டது. நம் வக்கீல் எழுந்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் உங்களுக்காகக் கை தூக்கினது நீங்க சொல்லித்தானே?"

உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் என்னைப் பார்த்திருந்தால் ஒருவேளை பொய்யே சொல்லியிருப்பேன், அவரிடம் எனக்கு அவ்வளவு பலவீனம் உண்டு.

"இல்லீங்க. நான் உள்ள காப்பி ஆத்திக்கிட்டிருந்தேன். என்னை யாரும் ஒண்ணும் கேக்கல" என்றேன்.

வக்கீல் இருமினார். "ஆனா உங்களுக்கு அதுல சம்மதம்தானேம்மா?"

"கேட்டிருந்தா சம்மதம்தான். நானே வெளிய வந்து, சந்தோஷமா என் கையாலயே தூக்கியிருப்பேன். அவர் கேக்கலையே."

கோர்ட்டில் சிரிப்பு. ஜட்ஜும் சிரித்துவிட்டு உன் அப்பாவைப் பார்த்து, "கேளபேகித்தல்லா, ஸ்வாமி" என்றார். கேட்டிருக்க வேண்டாமா என்று அவர் அத்தனை பேர் முன்னால் சொன்னதும் உன் அப்பாவின் காது சிவந்துவிட்டது. அவரை அவமானப்படுத்த நான் நினைக்கவே இல்லை, பாஸ்கரா. அவருக்கு என் ஓட்டு உண்டு என்றுதான் ஊரறியச் சொன்னேன். அது அவர் காதில் வேறு மாதிரி விழுந்துவிட்டது.

அடுத்த நாட்களில் உன் அப்பா சாம்பாரைப் பார்த்து "உப்பு கம்மி" என்பார், நான் தட்டைப் பார்த்து "போட்டுக்கலாம்" என்பேன். எனக்கு அழுகை வரும், கூடவே கோபமும் வரும். மாடியிலிருந்து பெரியம்மா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் புருஷன் ஜெயிக்கப் போகிறார், என் புருஷன் தோற்கப் போகிறார், நாங்கள் இரண்டு பேரும் ஒரே முறத்தில் கீரை உருவினோம். தீர்ப்பு வந்தது. கூட்டத்தில் இருக்கிறவர்தான் ஓட்டுப் போடலாம், சமையலறையில் இருப்பவர் கூட்டத்தில் இருப்பவர் ஆக மாட்டார், ஒருவருக்கு ஒரு கை, அதையும் அவரே தூக்க வேண்டும் என்று சொல்லி, நடந்த தேர்தலை ரத்து செய்தார் ஜட்ஜ். கோர்ட் அனுப்புகிற வக்கீல் தலைமையில் மறுபடியும் கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உத்தரவு. பெரியப்பா வாசலில் தேங்காய் உடைத்தார். உடைத்த தேங்காயில் எங்களுக்கும் ஒரு மூடி அனுப்பினார், அன்று அதில் சட்னி அரைத்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உன் அப்பா சமையலறைக்குள் வந்தார். தண்ணீர் குடிக்க வந்தவர் போல நின்றார், தண்ணீர் எடுக்கவில்லை. பிறகு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இந்தா, ஒரு விஷயம். நாளைக்கு உன் ஓட்டை எனக்குப் போடறியா?"

"எதுக்குப் போடணும்னு சொல்லுங்க."

முதலில் முறைத்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். மின்சார அடுப்பில் சூடு எப்படி ஒரே மாதிரி நிற்கும், பன் எப்படிக் கருகாது, எந்தெந்த ஓட்டல்காரர் வாங்கத் தயாராக இருக்கிறார் என்று எல்லாம் சொன்னார். என் முறத்திலிருந்த அரிசியை விரலால் கோடு போட்டு, அடுப்பு இங்கே, மேஜை இங்கே என்று காட்டினார். அவ்வளவு அழகாகப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, விறகடுப்பு ஆளுங்க எங்க போவாங்க?" என்றேன். "பாதிப் பேரு புது அடுப்புக்கு வந்துடுவாங்க. மீதிப் பேரு..." என்று நிறுத்தினார். "தெரியல. அத நான் சரியா யோசிக்கல" என்றார். உன் அப்பா வாயிலிருந்து தெரியல என்ற வார்த்தை வந்ததைக் கேட்டவர்கள் இந்த ஊரில் குறைவு. எனக்கு அவரை அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்துப்போயிற்று, கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை. இதை உனக்கு எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "கோர்ட்டுல அப்படிச் சொல்லிட்டேனேன்னு கோவமா?" என்று கேட்டேன். "கோவம்தான். ஆனா நீ சொன்னதுல தப்பு எங்க இருக்குன்னு இத்தனை நாளாத் தேடறேன், கெடைக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்போதும் தண்ணீர் குடிக்கவில்லை.

கூட்டம் அல்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நாங்கள் எல்லோரும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போய் நாற்காலிகளில் உட்கார்ந்தோம், கல்யாணத்துக்கு வந்த மாதிரி ஒரே சென்ட் வாசனை. காப்பி ஓட்டலிலிருந்து வந்தது. கழுநீர் என்று ஆண்கள் முகத்தைச் சுளித்தார்கள், எங்களுக்கு அதில் ஒரு திருப்தி. உன் அப்பா எழுந்து, புது அடுப்பு வந்தாலும் பழைய ஆட்கள் எல்லோருக்கும் வேலை அமையும்வரை விறகடுப்பை இடிக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பெரியப்பா எழுந்து, "நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று உட்கார்ந்துவிட்டார். கை தூக்கச் சொன்னார் கோர்ட் அனுப்பிய வக்கீல். உன் அப்பாவின் பெயருக்கு நான் கையைத் தூக்கினேன். வளையல்கள் எல்லாம் சலசலவென்று முழங்கைக்கு இறங்கின. அதுவரை மாவு பிசையவும் குழந்தையைத் தூக்கவுமே இருந்த கைதானே, அது அங்கே தனியாக மேலே நிற்பதைப் பார்க்க எனக்கே புதிதாக இருந்தது. உன் அப்பா இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்கவில்லை.

பிறகு பெரியப்பாவின் பெயர். அவர் பக்கத்துக் கைகள் உயர்ந்தன. பெரியம்மா கை இரண்டும் மடியிலேயே இருந்தன. பெரியப்பா குனிந்து, "தூக்கு, தூக்கு" என்றார். பெரியம்மா நிதானமாக, "எதுக்குன்னு நீங்க சொல்லவே இல்லியே" என்றார். எண்ணும்போது பேசக் கூடாது என்று வக்கீல் அதட்டினார். பெரியம்மா கை மடியிலேயே இருந்தது. எண்ணி முடித்தபோது பெரியப்பா ஒரே ஒரு கையில் தோற்றிருந்தார். சமமாக வந்திருந்தால் அந்த வக்கீல் என்ன செய்திருப்பாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

திரும்பும்போது பெரியப்பா தானாகவே வேனின் பின்பக்கம் ஏறி, தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். வேன் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் திரும்பியது. பிறகு அவர், "ஏண்டி, நீ ஏன் தூக்கல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். பெரியம்மா, "அவளையாவது கோர்ட்டுல கூப்பிட்டுக் கேட்டாங்க. என்னை அங்கயும் கேக்கல" என்றார். மறுநாள் பெரியப்பாவின் வக்கீல் வந்து, அப்பீல் போகலாம், நல்ல பாயிண்ட் இருக்கிறது என்றார். பெரியப்பா சிரித்துவிட்டு, "அப்பீல்ல ஜெயிச்சாலும் திரும்பவும் மீட்டிங்தானே வக்கீலய்யா? அங்க இவ கையை யாரு தூக்கறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு விறகடுப்பை அவரே பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் உன் அப்பா எதற்காவது அவரிடம் யோசனை கேட்டால், "உன் அண்ணியையும் கேட்டுக்கோ" என்பார். உன் கல்யாணத்துக்கு எத்தனை பன் வேண்டும் என்று முடிவு செய்யவே அந்த வீட்டில் சாயங்காலம் முழுக்க விவாதம் நடக்கிறது.

கோர்ட்டுக்குப் போகாதே என்று உனக்குச் சொல்ல மாட்டேன், பாஸ்கரா. கோர்ட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் நான் இன்னும் போண்டா போட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஜட்ஜ் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த நாற்காலி காலியாகக் கிடந்த மாதங்களில் கம்பெனி எப்படி மெலிந்தது என்று அடுப்புச் சாலையில் கேட்டுப் பார். கோர்ட் எண்ணித்தான் தரும். எண்ணுவதற்கு ஒரு கை வேண்டுமென்றால் அதை நீதான் கேட்டு வாங்க வேண்டும். சரளாவிடம் கம்பெனியைப் பற்றிப் பேசு, அவள் அப்பா கடையில் கணக்குப் பார்த்து வளர்ந்த பெண், நீ நினைப்பதைவிட அதிகம் கேள்வி கேட்பாள். பதில் தெரியாவிட்டால் தெரியல என்று சொல், உன் அப்பாவிடம் கேட்டுப் பார், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. அவள் உனக்கு எதிராகக் கை தூக்கினாலும் அன்று சாயங்காலம் அவளோடு லால்பாக் போய்விட்டு வா. கூட்டத்தில் பெண்கள் உட்காரும் நாற்காலி எந்த வரிசை என்று நான் அவளுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. போன வாரம் நீ ஆபீசுக்குப் போயிருந்தபோது வசந்தா வந்தாள். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, "சித்தி, டைரக்டருக்கு நிக்கறேன். உங்க ஓட்டு எனக்குப் போடுவீங்களா?" என்று கேட்டாள். தான் என்னென்ன செய்யப் போகிறாள் என்று உளுந்து அரைபடும்வரை சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ என் பிள்ளை, உன்னைவிட எனக்கு உசத்தி இந்த உலகத்தில் எதுவும் இல்லை. என் கை உனக்குத்தான் என்று நீ நினைத்திருப்பாய்.

நீ இன்னும் என்னைக் கேட்கவில்லை, கண்ணா. விலாசம் எழுதி முடித்ததும் இறங்கி வா. அடுப்பில் காப்பி வைக்கிறேன், மணையும் போட்டுவைக்கிறேன்.

உன் அம்மா